பற்று வரவு

தேவகோட்டை அடகுக்கடையில் முப்பத்தெட்டு வருஷம்
கணக்கு எழுதிய கை.
இப்போது நீளவாக்கு நோட்டில்
போனதையெல்லாம் எழுதுகிறது.

'ஆவணி 4. எவர்சில்வர் டம்ளர் ஒன்று.
ஆவணி 6. மூக்குக்கண்ணாடி, கூட்டுடன்.
ஆவணி 6, மாலை. இடது கால் செருப்பு.'
எடுத்தவர் பெயருக்கென்று தனிப் பத்தி.
பால்காரர், கேஸ் கொண்டுவருகிற பையன்,
ஓசூரிலிருக்கும் மருமகள்,
இரண்டு முறை நான்.

முதல் முறை எனக்குக் கோபம் வந்தது.
"ஒத்தச் செருப்ப எடுத்து நான் என்னய்யா செய்ய?"
ஆண்டியப்பன் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்:
"அத எடுத்தவுகதான் சொல்லணும்."

பிறகு, இல்லை என்று சொல்வதை விட்டேன்.
"வாங்க, தேடுவோம்" என்று மட்டும்.
கண்ணாடி அரிசி டிரம்மில் இருந்தது,
டம்ளர் தலையணை உறைக்குள்,
செருப்பு ஃபிரிட்ஜில், கொத்தமல்லிக்குப் பக்கத்தில்,
குளிர்ந்துபோய்.
கிடைத்ததை வரவில் வைக்கச் சொன்னேன்.
வைத்தார். தேதி போட்டுக்
கீழே கோடு கிழித்தார்.
அன்று இரண்டு இட்லி கூடுதலாக இறங்கியது.

மகன் கேமரா மாட்டிவிட்டுப் போனான்.
படம் என் போனுக்கும் வரும்.
இரவு இரண்டு பதிமூன்று:
வேட்டியை மடித்துக் கட்டி
டார்ச்சைத் துண்டால் பொத்தி
குதிகால் தரையில் படாமல்
தன் வீட்டுக்குள் நடக்கிறார் ஒருவர்.
கையில் சாவிக்கொத்து. சத்தம் வராமலிருக்க
நெஞ்சோடு அணைத்திருக்கிறார்.
திருடனுக்கு எட்டாத இடம் தேடிச்
சுவர் சுவராகத் தடவுகிறார்.
விடிந்தால் அவருக்கும் எட்டாது.

அதை அவருக்குக் காட்டவில்லை.
மகனிடம், "பார்த்தேன்" என்றேன்.
"நானும்" என்றான். கொஞ்ச நேரம்
ஓசூர் லாரிச் சத்தம் மட்டும் கேட்டது.

புரட்டாசியில் அந்தச் சாவியைத் தேடினோம்.
பரணில் ஒரு பழைய ஊறுகாய் ஜாடி.
கையை விட்டேன். சாவி இல்லை.
நீளமாக, வழவழவென்று, ஏதோ ஒரு காம்பு.
எடுத்தால் எண்ணெய் வடிகட்டும் பித்தளைக் கரண்டி,
காம்பில் புள்ளி புள்ளியாக 'அ.செ.'
கல்யாணத்துக்கு அம்மா பேர் வெட்டிக் கொடுத்தது.
தினம் பேப்பர் வாங்க வருவாரே
என் வீட்டுக்கு, அடுப்படி வழியாக.

ஈஸ்டர் வாரத்தில் காணாமல் போனது.
நான் நோட்டு எதுவும் போடவில்லை.
பாத்திரம் தேய்க்க வந்த குருவம்மாவிடம்
"நாளையிலேர்ந்து வேணாம்" என்றேன், அவ்வளவுதான்.
காரணம் சொல்லவில்லை.
அவள் கேட்கவும் இல்லை.

கரண்டியை முந்தானையில் சுற்றிக்கொண்டு
பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓட்டலின் பின்கட்டுக்குப் போனேன்.
சாம்பார் அண்டாவுக்குள் பாதி உடம்பு இருந்தது.
சொன்னேன்.
"கெடச்சிருச்சா? நல்லதாப் போச்சுக்கா."
பத்து நாள் சம்பள பாக்கியை நீட்டினேன்.
கை ஈரமாயிருக்கு என்று
மறுபடி அண்டாவுக்குள் குனிந்தாள்.
அங்கே கொஞ்ச நேரம் நின்றேன்.
அண்டா தேய்க்கும் சத்தம் நிற்கவில்லை.

மறுநாள் காலை, பேப்பர் வாங்க வந்த ஆண்டியப்பன்
நோட்டைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

'புரட்டாசி 11. பித்தளைக் கரண்டி ஒன்று.
எடுத்தது: பக்கத்து வீட்டு செசிலி.'

"சரியா இருக்கா, பாரு."
இத்தனை பக்கத்தில்
சரியாக இருந்தது அது ஒன்றுதான்.
"சரியா இருக்குய்யா" என்று
ஓரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
கையெழுத்தை ஒருமுறை சரிபார்த்தார்.

"சாவி நிலுவையில இருக்கு" என்றார்.
"மத்தியானம் வா."